ஆள் வராத பெட்டி

விமானப் பாதுகாப்பு என்றாலே நமக்கு ஞாபகம் வருவது ஸ்கேனரும், பெல்ட்டைக் கழற்றச் சொல்வதும், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போடுவதும்தான். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது இதுதான்: அன்றைக்கு இல்லாமல் போனது மெஷின் இல்லை, ஒரு சின்னக் கணக்கு.

1985 ஜூன் 22, கனடாவின் வான்கூவர். ஒருவர் பெட்டியோடு வருகிறார். டொரண்டோ வரைக்கும்தான் உறுதியான சீட். அதற்கப்புறம் வெயிட்டிங் லிஸ்ட். அப்படியிருந்தால் பெட்டியை நேராக டெல்லிக்குப் போடக்கூடாது. அவர் விடாமல் வாதாடுகிறார். பின்னால் நீண்ட வரிசை. கவுன்ட்டர் ஊழியர் கடைசியில் சரி என்றுவிடுகிறார். பெட்டி போனது, ஆள் ஏறவே இல்லை.

டொரண்டோவில் எக்ஸ்ரே மெஷின் இருந்தது. பாதி வேலையில் பழுதானது. மிச்சப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் ஒரு கருவியை வைத்துச் சோதித்தார்கள். மறுநாள் அயர்லாந்துக்கு அருகே, கடலுக்கு மேலே, விமானம் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதே நாள் டோக்கியோவின் நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்து இரண்டு ஊழியர்கள் பலி. அதுவும் வான்கூவரில் போட்டதுதான். அதற்கும் ஆள் ஏறவில்லை.

‘பெட்டிக்காரர் உள்ளே இருக்கிறாரா?’ இந்த ஒரு கேள்விக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

கனிஷ்காவுக்குப் பிறகு இதைச் சர்வதேச விதியாகவே ஆக்கினார்கள். ஆனாலும் 1988 டிசம்பரில் லாக்கர்பியில் பான் ஆம் 103 சிதறியது; 270 பேர் இறந்தார்கள். ஆள் இல்லாமல் வந்த பெட்டியில்தான் குண்டு இருந்தது என்று நீதிமன்றம் பின்னாளில் முடிவு செய்தது. வேறு விமானங்களிலிருந்து மாறி வரும் பெட்டிகளைப் பிராங்ஃபர்ட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஏன்? ஒப்பிட்டால் பெட்டியைத் தேடி இறக்கணும். விமானம் தாமதமாகும். தாமதம் என்றால் காசு. என் விமர்சனம் இங்கேதான்: மெஷின் வாங்கினால் பாதுகாப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கணக்குப் பார்த்தால் தாமதம் மட்டும்தான் தெரிகிறது.

சாகத் துணிந்து பெட்டியோடு தானும் ஏறுகிறவனை இந்தக் கணக்கு பிடிக்காது. அதற்குத்தான் மெஷின். ஆனால் மெஷின் இருக்கிறதே என்று கணக்கை விட்டதன் விலையை இரண்டு முறை பார்த்தாச்சு.

‘ஒரு பயணி வரவில்லை, அவர் பெட்டியை இறக்குகிறோம்’ என்று அறிவித்தால் இனி நான் முணுமுணுக்க மாட்டேன். இறக்கட்டும்.