வெள்ளரிமலை வரைபடத்தில் இருந்தது

2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மலை சரிந்து அடித்துக்கொண்டு போனது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாளே, மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 56,825 சதுர கிலோமீட்டரைச் சூழலியல் கூருணர்வுப் பகுதியாக அறிவிக்கும் வரைவை ஒன்றிய அரசு வெளியிட்டது. அது ஆறாவது வரைவு. முதலாவது 2014-லேயே வந்துவிட்டது. இந்த ஆறாவது வரைவின் கேரளப் பட்டியலில் வெள்ளரிமலை என்ற பெயரும் இருக்கிறது. அழிந்த குடியிருப்புகள் அந்த வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தவை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த ஒன்று ஏன் உதவவில்லை என்ற கேள்விக்கு, அரசியல் துணிவு இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. வரைபடங்களின் உள்ளேயே கோளாறுகள் இருக்கின்றன.

மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை தந்தது. மலைத்தொடர் முழுவதையும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, சரிவு, மழை, உயிரினங்கள், காட்டின் நிலை எனப் பல அளவுகோல்களால் மதிப்பெண் இட்டு, கட்டுப்பாடுகள் வேறுபடும் மண்டலங்களாக வகுத்தது. சிதறிக் கிடந்த தகவல்களை ஒரே தாளில் கொண்டுவந்த அந்த உழைப்பு பெரியது. இறுதி எல்லையைக் கிராம சபைகளில் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று சொன்னது அதைவிடப் பெரியது. ஆனால் நடைமுறையில் மண்டலத்தின் அலகாக நின்றது தாலுகா. வைத்திரி தாலுகா கடுமையான முதல் மண்டலத்தில் வந்தபோது, அங்கே இரண்டு ஏக்கர் மிளகும் ஒரு வீடும் வைத்திருப்பவருக்குத் தன் நிலத்தில் எது முடியும், எது முடியாது என்று தெரியவில்லை. அறிக்கையும் 2012 மே வரை வெளியிடப்படவில்லை. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது.

அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படங்களை நம்பியது. காட்டையும், தோட்டமும் ஊரும் கலந்த நிலத்தையும் பிரித்தது. அலகைக் கிராமமாகச் சுருக்கியது. துல்லியத்தில் இது முன்னேற்றம்தான். ஆனாலும் ஒரு கிராமத்தின் பரப்பில் 20 சதவீதம் கூருணர்வு நிலமாக இருந்தால் முழுக் கிராமமும் பட்டியலுக்குள் வந்தது. அதற்குக் கீழே இருந்தால் முழுவதும் வெளியே போனது. மலை அப்படி உடைவதில்லை.

இவை இரண்டுமே வாழிடத்தைக் காக்க வரைந்த படங்கள். முண்டக்கைக்கு மேலே மண் உடைந்தது காட்டுப் பகுதியில். அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்திருந்தால் மட்டும் சரிவு நின்றிருக்காது. குவாரியையும் ரிசார்ட்டையும் தடுப்பதற்கு வாழிட வரைபடம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆற்றோரத்தில் தூங்குகிறவரை எழுப்பி வெளியேற்ற வேறொரு வரைபடம் வேண்டும். முதலாவதைப் பற்றிப் பத்தாண்டு சண்டை போட்டதில் இரண்டாவதைக் கேட்க மறந்தோம்.

அந்த இரண்டாவதும் இல்லாமல் இல்லை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் மலைப்பகுதிகளை 1:50,000 அளவில் நிலச்சரிவு வாய்ப்புக்காக வரைந்திருக்கிறது. தேசியத் தொலையுணர்வு மையம் 1998 முதல் 2022 வரையிலான ஏறத்தாழ 80,000 சரிவுகளைத் தொகுத்து 2023-இல் அட்லஸ் வெளியிட்டது. மாநில அளவில் சாலை, அணை, நிதி ஒதுக்கீடு பற்றி முடிவெடுக்க இவை அருமையானவை. ஆனால் 1:50,000 அளவில் தாளின் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வரிசை ஒன்று பேனாக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. எந்தச் சரிவு உடையக்கூடும் என்று இப்படங்கள் சொல்கின்றன. உடைந்த மண்ணும் பாறையும் எதுவரை பாயும் என்று சொல்வதில்லை. வயநாட்டில் அவை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாய்ந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் மலை உடைந்த இடத்தில் வசித்தவர்கள் அல்லர், பாய்ந்த வழியில் வசித்தவர்கள்.

அதே மாவட்டத்தில் கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் சூழலியல் மையம் வேறு விதமாக வேலை செய்கிறது. வயநாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளை வைத்து, விவசாயிகள் உள்ளிட்ட ஊர்க்காரர்கள் அன்றாடம் எடுக்கும் அளவுகளைத் தொகுக்கிறது. சரிவுக்கு முந்தைய நாளே அது எச்சரித்தது. எச்சரிக்கை கிடைத்ததும் எந்த வீடுகளைக் காலிசெய்வது என்று காட்டும் படம் அதிகாரிகளின் மேசையில் இருந்திருந்தால், இழப்பு இவ்வளவு ஆகியிருக்காது என்று நம்பக் காரணம் உண்டு.

வரைபடம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது யார் கையில் இருக்கிறது என்பதும் பார்க்கவேண்டியது. கடற்கரையில் ஓர் உதாரணம்: சென்னையை ஒட்டிய எண்ணூர்க் கழிமுகத்தை 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாகக் காட்டியது. பின்னர் முன்வைக்கப்பட்ட, 1997 தேதியிட்ட படத்தில் கழிமுகமே இல்லை என்று மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் குற்றம்சாட்டினார்கள். பழைய படத்தை அவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தேடி எடுக்க வேண்டியிருந்தது. தங்கள் வலை விழும் நீர் வரைபடத்தில் இருக்கிறதா என்று அறிய மனுப்போட வேண்டிய நிலை அவர்களுக்கு.

மலைக்கும் கடலுக்கும் தேவை ஒன்றுதான்: 1:10,000 அல்லது அதைவிடப் பெரிய அளவில், சர்வே எண்களோடு, மண்ணோ நீரோ பாயும் வழியையும் குறித்து, உள்ளூர் மொழியில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய படம். நிலவியல் ஆய்வு நிறுவனம் சில இடங்களில் அந்த அளவில் வரையத் தொடங்கியிருக்கிறது. வயநாட்டிலிருந்து நீலகிரி வரை மழை அதிகம் பெறும் ஊராட்சிகளில் அதை முதலில் முடிக்க வேண்டும். அதுவரை ஏழாவது வரைவு வந்தாலும் முண்டக்கை போன்ற ஊர்களின் இரவு பத்திரமாகிவிடாது.