பழைய வடிவம், பழைய கல்லடி

கிரைஸ்லர் பிடி க்ரூஸரைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவரின் கண் பின்சக்கரத்துக்கு மேலேதான் போய் நிற்கும். பின்கதவு முடிகிற இடத்தில் பாடி சட்டென்று வெளியே புடைத்துக்கொள்கிறது. 1930களின் அமெரிக்க கார்களில் ஃபெண்டர் என்பது பாடியோடு போல்ட் போட்டு மாட்டிய தனித் தகடு. அந்தத் தோற்றத்தை, முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் ஒரு குடும்ப காருக்குக் கொண்டுவந்தவர் வடிவமைப்பாளர் பிரையன் நெஸ்பிட். 2000-இல் விற்பனைக்கு வந்து, பெரும்பாலும் மெக்ஸிகோவின் டொலுகா ஆலையில் 2010 வரை 13 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. 2.4 லிட்டர் இன்ஜின், 150 குதிரைசக்தி என்ற எண்களில் பரபரப்பு எதுவும் இல்லை. மக்கள் காசு கொடுத்தது அந்த வடிவத்துக்கு.

அதனால்தான் இந்த காருக்கான வெளி அலங்காரப் பொருட்களின் சந்தையும் செழித்தது. க்ரில்லுக்கு அலுமினியப் பட்டைகள், முகப்பு விளக்குக்கு குரோம் வளையம், பெட்ரோல் மூடிக்கு இன்னொரு மூடி, கைப்பிடிகளுக்கு உறை, முன்கண்ணாடிக்கு மேலே 1940கள் பாணியில் வைஸர் என்று பட்டியல் நீளும். பக்கவாட்டில் மரத்தின் தோற்றம் தரும் வினைல் ஃபிலிமை கிரைஸ்லரே 2002 வாக்கில் விற்றது. இவற்றில் பெரும்பாலானவை பார்வைக்கு மட்டும். பின்ஃபெண்டரின் முன்விளிம்பில் ஒட்டும் ஸ்டோன் கார்டு ஒன்றுதான் வேலையும் செய்கிறது. பிடி க்ரூஸரை அலங்கரிக்க நினைப்பவர் முதல் பணத்தை அதில் போடுவதே சரி.

காரணம் காரின் வடிவத்திலேயே இருக்கிறது. இன்றைய கார்களின் பக்கங்கள் கிட்டத்தட்ட தட்டையானவை. முன்டயரிலிருந்து தெறிக்கும் கல் பெரும்பாலும் கதவின் அடிப்பகுதியை உரசிவிட்டுப் போய்விடும். பிடி க்ரூஸரில் அப்படி இல்லை. டயரின் பள்ளங்களில் சிக்கிய சிறு கல், சக்கரம் சுழலும் வேகத்தில் விடுபட்டுப் பின்னோக்கிப் பறக்கும்போது, அதன் வழியிலேயே பின்ஃபெண்டர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. அடி நேரடியாக விழுகிறது. பெயின்ட், ப்ரைமர் இரண்டும் பெயர்ந்து, கடுகளவு தகடு வெளியே தெரிகிறது. 1930களின் அழகைத் திரும்பக் கொண்டுவந்த வடிவம், 1930களின் கல்லடியையும் கூடவே கொண்டுவந்துவிட்டது.

மிச்சிகன் மாதிரியான இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, சுமார் 350 மீட்டர் ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் பனியை உருக்க அந்த வட்டாரச் சாலைகளில் உப்பு கொட்டுவார்கள். பெயின்ட் பெயர்ந்த புள்ளியில் உப்புத் தண்ணீர் ஏறினால், அடுத்த வசந்தத்துக்குள் அந்தப் புள்ளியைச் சுற்றி பெயின்ட் உப்பத் தொடங்கிவிடும்.

கல்லிடமிருந்து காரைக் காப்பாற்றும் யோசனைக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1923-இல் நடந்த முதல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜான் டஃப், ஃபிராங்க் கிளெமென்ட் இருவரும் ஒரு பென்ட்லி 3 லிட்டர் காரை மாறி மாறி ஓட்டினார்கள். ஒரு கல் முகப்பு விளக்கை உடைத்தது. இன்னொரு கல் பெட்ரோல் டேங்கைத் துளைத்தது. வண்டி நடுவழியில் நிற்க, டஃப் பிட் வரைக்கும் ஓடியே வந்தார்; கிளெமென்ட் கடன் வாங்கிய சைக்கிளில் பெட்ரோலைச் சுமந்துகொண்டு காருக்குத் திரும்பினார். அத்தனைக்கும் பிறகு நான்காம் இடம்! மறு ஆண்டு விளக்குகளுக்குக் கம்பி வலையும் டேங்குக்குப் பாதுகாப்பும் போட்டுக்கொண்டு வந்த அதே ஜோடி பந்தயத்தை வென்றது. பிற்பாடு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் புடைத்த பின்ஃபெண்டர்களில் பளபளக்கும் அலுமினியக் கவசங்களை மாட்டினார்கள். போர்ஷே 911 டர்போவின் அகன்ற பின்ஃபெண்டருக்கு முன்னால் இருக்கும் கறுப்புப் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, எதை வாங்குவது? கடையில் ஒரே மாதிரி மின்னும் இரண்டு ரகங்கள் கிடைக்கும். ஒன்று ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசியது. இன்னொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை வெட்டி, வளைத்து, பாலிஷ் போட்டது. விளக்கு வளையத்துக்கும் கைப்பிடி உறைக்கும் முதல் ரகமே போதும். கல் விழும் இடத்துக்கு அது ஆகாது. முலாம் ஒரு இடத்தில் விரிசல் விட்டால் அங்கிருந்து செதில் செதிலாக உரியும், உரிந்த விளிம்பு கையைக் கிழிக்கும். ஸ்டெயின்லெஸ் தகடு நசுங்கலாம், கீறல் விழலாம். உரிவதற்கு அதில் முலாமே இல்லை. இரண்டையும் பிரித்தறிய விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் போதும். பின்பக்கம் கறுப்பாகவோ மங்கிய வெள்ளையாகவோ இருந்தால் அது பிளாஸ்டிக்.

மாட்டும் வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பழைய கார்களில் துளை போட்டு, கீழே ரப்பர் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினார்கள். அந்த ரப்பருக்குப் பின்னால் மண்ணும் ஈரமும் தங்கி, காப்பாற்ற வந்த கவசத்தின் அடியிலேயே தகடு துருப்பிடித்தது. இன்று துளை போடத் தேவையே இல்லை. விஎச்பி எனப்படும் அக்ரிலிக் ஃபோம் டேப் இந்தச் சுமையை எளிதாகத் தாங்கும். ஆனால் அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஃபெண்டரில் ஏற்கெனவே விழுந்த புள்ளிகளைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, டச்-அப் பெயின்ட் வைத்துக் காயவிட வேண்டும். துருவின் மேலேயே கவசத்தை ஒட்டினால், நோயை மறைத்து வளர்த்ததாகத்தான் ஆகும். பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைக்க வேண்டும். மெழுகு பாலிஷின் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் டேப் பிடிக்காது.

அடுத்து, ஒட்டாமல் வைத்துப் பார்ப்பது. இந்தக் கட்டத்தை எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் தகும். கவசத்தை ஃபெண்டரின் மேல் வைத்து நடுவில் ஒரு விரலால் அழுத்தும்போது, மேல்முனை கிளம்பினால் வளைவு பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்படியே ஒட்டினால் தகடு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். டேப் ஒருநாள் அந்தப் போராட்டத்தில் தோற்கும். கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, கையை எடுத்தாலும் தகடு பாடியோடு படிந்து நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும். மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு பின்கதவை முழுவதும் திறந்து மூடிப் பார்ப்பது கட்டாயம். ஃபெண்டரின் புடைப்பு கதவின் ஓரத்தை ஒட்டியே தொடங்குவதால், சில மில்லிமீட்டர் முன்னால் போனாலும் கதவின் விளிம்பு உரசும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே உயரத்தில் அமைய, தரையிலிருந்து அளக்காமல் சக்கர வளைவின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். தரை சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

டேப்பை மேலேயும் முன்விளிம்பிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டு, அடியில் மட்டும் திறந்துவிடுவது நல்லது. தண்ணீர் உள்ளே போகும் வாய்ப்பு குறையும். போனாலும் கீழே வடிந்துவிடும். குளிரில் ஒட்டக் கூடாது. தகடும் பாடியும் 21 டிகிரிக்கு மேல் இருப்பது பாதுகாப்பு. ஒட்டியபின் நெடுக அழுத்தித் தேய்க்க வேண்டும், ஏனென்றால் இந்த டேப் அழுத்தத்தில்தான் பிடிக்கிறது. 20 நிமிடத்தில் பாதி பலம், ஒரு நாளில் 90 சதவீதம், முழு பலத்துக்கு மூன்று நாள். அதுவரை கார் கழுவும் கூடத்தின் உயரழுத்தக் குழாய்ப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

ஒளி ஊடுருவும் பாலியூரிதேன் ஃபிலிம் இருக்கும்போது உலோகக் கவசம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கல்லடியை உள்வாங்குவதில் அந்த ஃபிலிம் கெட்டிக்காரன், கண்ணுக்கும் தெரியாது. சாதாரண காருக்கு அதையே பரிந்துரைக்கலாம். பிடி க்ரூஸர் தன் தோற்றத்துக்காக வாங்கப்பட்ட கார் என்பதால் இங்கே கணக்கு மாறுகிறது. சிறந்த ஏற்பாடு இரண்டையும் சேர்ப்பது: கவசம் மறைக்காத கதவின் அடிப்பகுதிக்கு ஃபிலிம், நேரடி அடி விழும் முன்விளிம்புக்குத் தகடு. ஃபிலிமின் மேலேயே தகட்டை ஒட்டுவதானால், தண்ணீர் ஒட்டாத மேல்பூச்சு உள்ள ஃபிலிமைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர் ஒட்டாத பரப்பில் டேப்பும் சரியாக ஒட்டாது.

மற்ற அலங்காரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கதவுகளுக்குக் கீழே, முன்ஃபெண்டரையும் பின்ஃபெண்டரையும் இணைத்து ஓடும் வரியுள்ள ஸ்டெயின்லெஸ் பட்டை அழகு. பழைய கார்களின் ஃபுட்போர்டு நினைவுக்கு வரும், ஸ்டோன் கார்டும் அதன் தொடர்ச்சியாகத் தெரியும். மரக்கோல ஃபிலிம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். 1941-இல் கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி உண்மையான மரத்தோடு வந்தது என்பதால் அதற்கு வம்சாவளியும் உண்டு. வைஸர் காற்றுச் சத்தத்தைக் கூட்டும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர்கள் விட்டுவிடலாம். முன்ஃபெண்டரில் ஒட்டும் போலித் துளைகளை வாங்கவே வேண்டாம். அவை 1949 ப்யூக்கின் அடையாளம்.

முன்பக்கப் பொருட்களை வாங்குமுன் காரின் ஆண்டைப் பார்க்க வேண்டும். 2006 மாடலில் க்ரில், பம்பர், முகப்பு விளக்கு எல்லாம் மாறிவிட்டன; 2005 வரையிலான காருக்குச் செய்த வளையமும் க்ரில் பட்டையும் அதற்குப் பொருந்தாது. பழைய காரை வாங்குபவர் முந்தைய உரிமையாளர் ஒட்டிவைத்த கவசத்தை நம்பிவிடாமல், அதன் கீழ்விளிம்பில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பழுப்புக் கறை வடிந்திருந்தால் ஹேர் ட்ரையரால் சூடேற்றி, மீன்பிடி நரம்பை உள்ளே விட்டு அறுப்பதுபோல் இழுத்துத் தகட்டைக் கழற்றி, துருவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் புது டேப்பில் மறுபடி ஒட்டலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் அதே தகடே போதும்.