பழுப்பு நீர்: ஹீனியின் சதுப்பு சொல்லாமல் விட்டது

ஷேமஸ் ஹீனியைப் பற்றித் தமிழில் பேசும்போது ஒரு சொல் எப்போதும் இடறும். 'பாக்'. நாம் அதைச் சதுப்பு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சதுப்பு என்றதும் நம் கண்ணில் வருவது பள்ளிக்கரணையும் பிச்சாவரமும்தான். ஹீனியின் நிலம் வேறு. மழைநீரைக் குடித்து வளரும் ஸ்பேக்னம் பாசி, செத்த பிறகும் முழுசாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த கரிய நிலம் அது. படிந்த பொருளுக்குப் பெயர் பீட். அயர்லாந்துக்காரர்கள் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள்.

நம்மிடமும் அப்படியொன்று உண்டு. நீலகிரியின் மேல்மலைப் பள்ளங்களில் பீட் இருக்கிறது. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை வைத்து ஆர். சுகுமாரும் குழுவினரும் சுமார் 20,000 ஆண்டுகளின் காலநிலை மாற்றங்களை 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆக, இந்த நிலத்துக்கு நினைவு உண்டு என்பது வெறும் கவித்துவம் கிடையாது.

ஹீனி பிடித்துக்கொண்டது இந்த நினைவைத்தான். பி.வி. குளோப் என்ற டேனிஷ் தொல்லியலாளரின் புத்தகம் 1969-இல் ஆங்கிலத்தில் வந்தது. இரும்புக்காலத்தில் கொல்லப்பட்டு பீட்டில் இடப்பட்டவர்களின் உடல்கள், தோலும் முகச்சுருக்கமும் கெடாமல், அதில் படங்களாக இருந்தன. 1972-இல் 'விண்டரிங் அவுட்', 1975-இல் 'நார்த்'. வட அயர்லாந்தில் தெருத்தெருவாகக் கொலை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஹீனி அந்தப் பழைய உடல்களுக்குப் பக்கத்தில் புதிய உடல்களை வைத்துப் பார்த்தார்.

'நார்த்' வந்ததுமே சக கவிஞர் கியரன் கார்சன் கடுமையாக விமர்சித்தார். அரசியல் கொலையைப் பழங்காலச் சடங்கு போலக் காட்டினால், அது தவிர்க்கமுடியாத ஒன்றாகிவிடுகிறது என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். நியாயமான கேள்வி. ஆனால் ஹீனிக்கு இது தெரியாமலில்லை. 'பனிஷ்மென்ட்' கவிதையில் வேடிக்கை பார்த்து நின்றவர்களில் தன்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்கிறார். அதனால் எனக்குக் கார்சனின் புகாரைவிட வேறொரு புகார் பெரிதாகப் படுகிறது. ஹீனி சதுப்பின் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்.

மீதிப் பாதி தண்ணீர். பீட் நிலத்திலிருந்து வெளியேறும் ஓடைகள் பால் விடாத டீ மாதிரி பழுப்பாக இருக்கும். அந்த நிறம் சேறு அல்ல, வடிகட்டினாலும் போகாது. கரைந்த கரிமப் பொருள் என்று அறிவியல் சொல்வது இதைத்தான். 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளைத் தாண்டிப் போவதெல்லாம் பொதுவாக இந்தக் கணக்கில் வரும். டீயில் இறங்கும் துவர்ப்புக்கு உறவான பீனால் சேர்மங்கள் இதில் ஏராளம்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியம். பீட் ஏன் மக்குவதில்லை? நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாவிட்டால் பீனால்களை உடைக்கும் நொதி வேலை செய்யாது. பீனால்கள் சேர்ந்துபோய் மக்கவைக்கும் மற்ற நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. கிறிஸ் ஃப்ரீமன் குழுவினர் 2001-இல் இதை ஒரு தாழ்ப்பாளுக்கு ஒப்பிட்டார்கள். அந்தத் தாழ்ப்பாளில் ஒரு பங்குதான் கரைந்து ஓடையில் போகிறது. காப்பதும் கசிவதும் ஒரே பொருள். கசியாத சதுப்பு என்று ஒன்று கிடையாது.

ஹீனியின் சதுப்பு வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். நிஜச் சதுப்பு அத்தனை நேர்மையானது அல்ல. அந்த அமில நீர் தோலைப் பதப்படுத்தும், எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும். உடலை வைத்துக்கொண்டு கதையைத் தொலைத்துவிடும். 'பனிஷ்மென்ட்' கவிதைக்கு ஆதாரமான விண்டபி உடலையே எடுத்துக்கொள்ளுங்கள். குளோப் அதைத் தண்டிக்கப்பட்ட இளம்பெண் என்று வாசித்தார், ஹீனி அவளுக்காக உருகினார். பின்னாளில் வந்த ஆய்வு, அது பதின்வயதுப் பையனாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது. கவிதை இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் சதுப்பை ஆவணக்காப்பகம் என்று நம்பியது ஆட்டம் காண்கிறது.

இது வெறும் இலக்கிய வம்பு இல்லை. ஹீனி இந்தக் கவிதைகளை எழுதிய அதே எழுபதுகளில், ஐ.ஆர்.ஏ. கடத்திக் கொன்று ரகசியமாகப் புதைத்தவர்களில் சிலர் அயர்லாந்தின் பீட் நிலங்களில்தான் கிடந்தார்கள். அவர்களைத் தேட 1999-இல் ஓர் ஆணையம் வந்தது. எல்லோரும் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்களிடம் போய், நிலம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் என்று சொல்ல முடியுமா?

கசிவுக்கும் விலை உண்டு. பழுப்பு நீரில் குளோரின் கலந்தால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத சேர்மங்கள் உண்டாகின்றன. குடிநீரில் அவற்றைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக 2024 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எப்போதோ செத்த பாசி இன்று ஒருவர் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. 'கடந்தகாலம் நம்மை விடாது' என்பதற்கு இதைவிடச் சரியான படிமம் எனக்குத் தெரியவில்லை. அதில் சடங்கின் அழகு இல்லை. யார் குடிக்கிறார்கள், யார் சுத்தப்படுத்தவேண்டும் என்ற கேள்வி இருக்கிறது. சடங்கு கேட்காத கேள்வி அது. வன்முறையின் மிச்சத்தைப் பற்றி எழுதும் நம்முடைய கவிதைகளும் பெரும்பாலும் புதைகுழியோடு நின்றுவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து ஹீனியைத் தமிழுக்குக் கொண்டுவரப்போகிறவரிடம் ஒரு வேண்டுகோள். சதுப்பு என்றே எழுதுங்கள், பரவாயில்லை. அடிக்குறிப்பில் அங்கே ஓடும் தண்ணீர் என்ன நிறம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.