பேய் பிடித்த மணப்பெண்: மலையனூரும் இத்தாலியத் திரையும்

மரக்காணத்து உப்பளங்களில், சித்திரை வைகாசி மாதங்களின் உச்சிப்பொழுது வேலைக்கு உரிய பொழுது அன்று. விடியலுக்கு முன்னரே பாத்திகளில் இறங்கி, உப்பை வாரி வரப்பில் குவித்துவிட்டு, வெள்ளை வெயில் கண்ணைப் பறிக்குமுன் கரையேறிவிடுவதே தொழிலாளர் வழக்கம். ஆளரவமற்ற அந்த வேளையில், புதிதாகத் தாலி ஏறிய பெண் தலையில் பூவோடு தனித்து நடக்கலாகாது, மீன்கூடையோடு புளியமரத்தடியில் இளைப்பாறலாகாது என்று கிழவிகள் எச்சரிப்பதும் இப்பிரதேசத்தின் பழைய சம்பிரதாயம். மீறிய பெண் சில நாட்களில் உண்ண மறுத்து, புருஷனை அண்டவிடாமல், வெறித்த பார்வையும் அன்னியக் குரலுமாக மாறினால், முதலில் வேப்பிலையும் விபூதியும். அதற்கும் மசியாவிடில், அமாவாசை பார்த்துத் திண்டிவனம், செஞ்சி வழியாக மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்குப் பயணம்.

இந்தப் பெண்ணைத் திரைப்படம் எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. நம் படங்களோடு இத்தாலியப் படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. பேயை வியாபாரச் சரக்காக்கிச் சொற்பச் செலவில் படங்களைக் கொட்டிக் குவித்த அந்நாட்டிலும், கேமராவுக்குப் பின்னால் ஒரு மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மலையனூரின் ஸ்தல புராணமே ஒரு பிடிப்பின் கதை. பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு, அவருக்கு இடும் பிச்சையையெல்லாம் தானே விழுங்க, பித்தராய் அலைந்த அவரை இம்மயானத்தில் அம்மன் விடுவித்தாள் என்பர்; கபாலத்துக்கு ஆசைகாட்டிச் சோற்றை நிலத்தில் இறைத்து, அது கையை விட்டு இறங்கியதும் காலால் மிதித்தாளாம். தெய்வத்துக்கே நேர்ந்த உபாதை மானிடப் பெண்ணுக்கு நேர்ந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆதலால் இங்கே பேயோட்டுவது மறைவான காரியம் அன்று. ஊரறியப் பம்பை முழங்கவே நடக்கிறது.

பம்பைக்காரர் உடுக்கையும் பம்பையும் அதிர அம்மனை வர்ணித்துப் பாடிக்கொண்டே, தாளத்தை மெல்லக் கூட்டி, பெண்ணின் தலை சுழலத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திக் கேள்விக்கு வருவார். “யார்டா நீ? எந்த ஊரு? எங்கே வச்சுப் புடிச்சே?” என்ற அதட்டலுக்குப் பேய் எளிதில் வாய் திறவாது, பொய்ப் பெயர் சொல்லும், அழும், வையும், சிரிக்கும். மறுபடி பாட்டு, மறுபடி கேள்வி. கடைசியில் பெயரும் ஊரும் செத்த விதமும் வெளிப்பட்ட பிறகு பேரம் தொடங்கும். கோழி கேட்கும், சாராயம் கேட்கும், சுருட்டும் கேட்கும். கொடுப்பதைக் கொடுத்து, கற்பூரத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டு, பெண்ணின் தலையில் ஒரு கல்லை ஏற்றிப் புளியமரத்துக்கு ஓடச்செய்து, கல்லைப் போட்டதும் அவள் உச்சிமயிரில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்துவிடுவார்கள்.

1990-களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் தங்கி இக்கிரியைகளைக் கூர்ந்து நோக்கிய மானிடவியல் அறிஞர் இசபெல் நபோகோவ், 2000-ல் வெளியான தம் நூலில் காட்டும் ஒரு விஷயம் நம் கவனத்துக்கு உரியது. பிடிக்கப்படுபவர் பெரும்பாலும் புதுமணப் பெண்கள். பிடிக்கும் பேயோ பெரும்பாலும் ஆண், அதுவும் ஆசை நிறைவேறாமல், பல சமயம் தற்கொலை செய்துகொண்டு, அகாலத்தில் மாண்ட வாலிபன். பிறன் மனைவியைக் காதலியாகக் கொண்டாடும் அவனை விரட்டி, அவளை மனைவியாக மீட்டு வீட்டுக்கு அனுப்புவதே கிரியையின் உட்பொருள் என்பது அவர் துணிபு. நமக்கு இது புதிதல்ல. சங்கப் பாடல்களில் தலைவி மெலிந்தபோது முருகன் அணங்கினான் என்று தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பதும், நோயின் காரணம் மலைநாட்டுத் தலைவன் ஒருவனே என்று தோழி மட்டும் அறிந்திருப்பதும் இதே நாடகம்தான். மனைவியானவள் வேறொருவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஊர் சம்மதிக்கும் ஒரே சபை பம்பைக்காரரின் சபை.

இத்தாலியின் தென்கிழக்கு முனையான சலேந்தோவில் இப்படியொரு சபை இருந்தது. 1959-ஆம் ஆண்டு கோடையில், மனநல மருத்துவரும் இசை ஆராய்ச்சியாளரும் அடங்கிய குழுவோடு அங்கே சென்ற மானிடவியல் அறிஞர் எர்னெஸ்தோ தெ மார்தினோ, சிலந்தி கடித்ததாகச் சொல்லி ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நோயுறும் குடியானவப் பெண்களைக் கண்டார். வீட்டுத் தரையில் வெள்ளைத் துப்பட்டி விரித்து, வண்ண நாடாக்களைப் பரப்பி, வயலினும் தப்பட்டையும் முழங்க, நோயாளியின் சிலந்திக்கு உகந்த மெட்டு எது என்று வாத்தியக்காரர் தேடித் தேடி வாசிப்பார்கள். மெட்டு அகப்பட்டதும் அவள் எழுந்து ஆடுவாள். வாத்தியக்காரரில் பெயர்பெற்ற லூயீஜி ஸ்தீஃபானி தொழிலால் நாவிதர். ஆடித் தேறியவர்கள் ஜூன் 28, 29 தேதிகளில் கலாத்தீனா ஊரிலுள்ள புனித பவுலின் சிற்றாலயத்துக்குச் செல்வார்கள். சிலந்தி வெறும் பூச்சி அல்ல, வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரத்தின் உருவம் என்று தெ மார்தினோ 1961-ல் எழுதினார். செஞ்சிப் பக்கத்துப் பம்பைக்காரர் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

தெ மார்தினோவின் ஆராய்ச்சியின் சாயலில் புரூனெல்லோ ரோந்தி 1963-ல் எடுத்த ‘இல் தெமோனியோ’ என்ற படம் நம் விசாரணைக்கு நடுநாயகமானது. தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணக்கும் அந்தோனியோவை வசியம் செய்ய முயலும் ஏழைப் பெண் பூரிஃபை ஊரார் பேய்பிடித்தவள் என்கிறார்கள். குறிகாரன் ஒருபுறம், பாதிரியார் ஒருபுறம், கல்லெறியும் கூட்டம் ஒருபுறம். தாலியா லாவி என்ற நடிகை தேவாலயத்தில் முதுகை வளைத்து, மல்லாந்தபடி கைகால்களால் சிலந்தியைப்போல நடந்துவரும் காட்சி, ஹாலிவுட்டின் ‘எக்ஸார்சிஸ்ட்’ வருவதற்குப் பத்தாண்டுகள் முற்பட்டது. முடிவில் அவளைக் கொல்பவன் பேயும் அல்ல, பாதிரியும் அல்ல, அந்தோனியோதான்.

‘எக்ஸார்சிஸ்ட்’ 1973-ல் வெளியாகி உலகை உலுக்கியதும், ரோமாபுரித் தயாரிப்பாளர்கள் பேய்க்கொள்ளையில் இறங்கினார்கள். ஒரு படம் ஓடினால் அதன் அச்சில் பத்துப் படம் வார்த்துச் சிறு கொட்டகைகளுக்கு அனுப்பும் தொழில் அவர்களுக்குக் கைவந்தது. 1974-ல் வந்த ‘கி சேய்’ என்ற படத்தின்மீது வார்னர் நிறுவனம் வழக்கே தொடுத்தது. மாரியோ பாவா கவிதைபோல் எடுத்த ‘லிசாவும் சாத்தானும்’ விலைபோகாததால், தயாரிப்பாளர் அதில் பேயோட்டும் காட்சிகளைத் திணித்து 1975-ல் வேறு பெயரில் விற்றதைப் போன்ற அபசாரம் சினிமா சரித்திரத்திலும் அரிது. இக்குவியலில் ஆல்பெர்தோ தெ மார்தினோவின் ‘லாந்திகிறிஸ்தோ’ மட்டும் சற்றே நிமிர்ந்து நிற்கிறது. கதை இரவல்தான், ஆனால் தொடக்கத்தில், யாத்ரீகர்கள் தரையில் ஊர்ந்து புரண்டு ஒரு திருத்தலத்தை நெருங்கும் காட்சியில், எந்த ஹாலிவுட் படத்திலும் இல்லாத தென்னித்தாலியின் மூச்சு இருக்கிறது. மோரிக்கோனேயும் நிக்கோலாயும் இசையமைத்த படம் அது. இயக்குநரின் குடும்பப் பெயரும் ஆராய்ச்சியாளரின் குடும்பப் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) ஷீலாவின் மலையாளப் படமான ‘யக்ஷகான’த்தின் மறுவடிவம், இறந்த காதலி, காதலனின் மனைவியுடைய உடலில் புகுகிறாள். மனோபாலாவின் ‘பிள்ளை நிலா’வில் (1985) இறந்துபோன ஒருத்தி, தன்னை ஏற்காதவனின் குழந்தையைப் பிடிக்கிறாள். கணக்கைப் பாருங்கள்: மலையனூரில் மனைவியைப் பிடிப்பவன் வாலிபன், கொட்டகையிலோ வெள்ளைச் சேலை கட்டிய பெண். மனைவிக்குள்ளிருந்து வேறொரு ஆணின் ஆசை பேசுவதைத் திரை தாங்கவில்லை. புருஷனின் பழைய காதல் பேயாக வரலாம், மனைவியின் பழைய காதல் வரக்கூடாது! பம்பைக்காரர் ஒத்துக்கொண்ட உண்மையை, அவரைப் பாமரர் என்று எண்ணிய சினிமா மறைத்துவிட்டது.

‘ஜென்ம நட்சத்திரம்’ (1991), சாத்தானின் பிள்ளையைப் பற்றிய ஹாலிவுட்டின் ‘ஓமன்’ படத்தின் நகல். சாத்தானுக்கு இவ்வூரில் வீடில்லை, ஆதலால் அது வேரூன்றவில்லை. நம் பேய் செத்துப்போன மனிதன். பெயரும் ஊரும் மனக்குறையும் உடையவன். பாதுவா நகரத்து அந்தோனியாரிடம் வரும் கிறிஸ்தவர்களும், தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டியில் அப்படிப்பட்ட பேய்களையே ஓட்டிக்கொள்கிறார்கள்.

2005-ல் பி. வாசுவின் ‘சந்திரமுகி’ வந்து, சென்னை சாந்தி திரையரங்கில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடியது. அதில் மனைவி கங்கா, செத்துப்போன நடனக்காரி சந்திரமுகியாக மாறி, கணவனைக் கொல்லத் துடித்து, எதிர்வீட்டுக்காரனைத் தன் காதலன் குணசேகரனாகக் காண்கிறாள். மலையனூர் உண்மை கடைசியில் திரைக்கு வந்தது, ஆனால் மனநோய் என்று டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தது. டாக்டரை நான் பரிகசிக்கவில்லை. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட தேசத்தில் மருத்துவர் வருகை அவசியமே. ஆயினும் அவள் சொன்னதைக் கேட்க ஒருவரும் இல்லை என்பது வேறு குறை.

ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வை (2011) இரைச்சல் என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள், இரைச்சல்தான். இருந்தும், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை ஒருத்தி ஓர் ஆணின் உடலில் புகுந்து தன் வழக்கைத் தானே உரைக்கிறாள். பேய் பேசுகிறது, ஊர் கேட்கிறது. அந்த அளவில் அது, நாகரிகமான பல படங்களைக் காட்டிலும் பம்பைக்காரரின் முறைக்கு நெருங்கியது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் நுட்பமானது, ஆனால் அதன் பேய் யாரையும் பிடிப்பதில்லை.

மொத்தத்தில், ‘இல் தெமோனியோ’வுக்கு ஈடான தமிழ்ப் படம் இன்னும் வரவில்லை என்பதே என் அபிப்பிராயம். சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள திரைப்படச் சங்கங்கள் அப்படத்தைத் தமிழ் எழுத்துவரிகளோடு திரையிட முன்வர வேண்டும். அன்றைக்குச் செஞ்சிப் பக்கத்துப் பம்பைக்காரர் இருவரை அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் அபிப்பிராயத்தையும் கேட்டு அச்சிட வேண்டும்.