இடைநிலை மையத்தன்மையும் மெடிச்சிக் குடும்பத்தின் எழுச்சியும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சமூக வலைப்பின்னல்களில் செல்வாக்கை அளக்கும் கணித முறைகளுள் இடைநிலை மையத்தன்மை பெரிதும் கையாளப்படுவது. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிச்சிக் குடும்பத்தின் எழுச்சியை அவ்வளவை விளக்கிவிடுவதாகப் பாடநூல்கள் காட்டுகின்றன. அவ்விளக்கம் எத்தகைய தரவின் மீது நிற்கிறது என்பதையும், அளவை எதைக் கூறுகிறது, எதைக் கூறாது விடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: வலைப்பின்னல் பகுப்பாய்வு, கோட்டுருவியல், மையத்தன்மை, தரவு எல்லை, ஃபிளாரன்ஸ், மெடிச்சி.

முன்னுரை

மனிதரைப் புள்ளிகளாகவும் அவர்தம் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்து கணிதத்தால் ஆராயும் முறை 1934இல் மொரேனோ வெளியிட்ட சமூக வரைபடங்களோடு பரவலாயிற்று. 1977இல் லின்டன் ஃப்ரீமன் இடைநிலை மையத்தன்மையை வரையறுத்தார். ஒரு வலைப்பின்னலில் தொடர்புடைய எந்த இரு கணுக்களை எடுத்தாலும் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய பாதை ஒன்று உண்டு. அப்பாதைகளுள் எத்தனை குறிப்பிட்ட ஒரு கணுவின் வழியே செல்கின்றன என்பதே அவ்வளவை. சம நீளமுள்ள பாதைகள் பலவாயின், மதிப்பு அவற்றிடையே பகிர்ந்தளிக்கப்படும். பிறர் தம்முள் தொடர்புகொள்ள எவரைக் கடந்தே ஆகவேண்டுமோ அவரே செல்வாக்குடையவர் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

சான்றாக நிற்கும் வலைப்பின்னல்

இவ்வளவைக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுவது ஃபிளாரன்ஸ் குடும்பங்களின் திருமண வலைப்பின்னல். டேல் கென்ட் 1978இல் வெளியிட்ட வரலாற்று நூலின் செய்திகளைக் கொண்டு ஜான் பாட்ஜெட் திரட்டிய தரவின் ஒரு பகுதி அது. அதில் 16 குடும்பங்களும் 20 திருமணப் பிணைப்புகளும் உள்ளன. 1427ஆம் ஆண்டு வரிக்கணக்கை அடியொற்றிய செல்வ மதிப்பில் ஸ்ட்ரோஸிக் குடும்பம் 146 ஆயிரமும் மெடிச்சிக் குடும்பம் 103 ஆயிரமும் பெற்றுள்ளன. செல்வத்தில் பின்தங்கிய மெடிச்சி, 1434இல் கோசிமோ நாடுகடத்தலிலிருந்து மீண்டபின் நகரையே தன் பிடிக்குள் கொண்டுவந்தது. இதற்கு விடையாக இடைநிலை மையத்தன்மை முன்வைக்கப்படுகிறது: மெடிச்சி 0.522, குவாடான்யி 0.255, ஸ்ட்ரோஸி 0.103. பிணைப்பெண்ணிக்கையை மட்டும் நோக்கின் மெடிச்சிக்கு 6, ஸ்ட்ரோஸிக்கு 4. ஐந்து மடங்கு வேறுபாட்டை இடைநிலை அளவையே வெளிக்கொணர்கிறது.

எண்ணின் உள்ளமைப்பு

0.522 என்னும் மதிப்பைப் பிரித்து நோக்கினால் வேறொரு காட்சி புலப்படுகிறது. பிணைப்பேதுமற்ற புச்சி நீங்கலாக 15 குடும்பங்கள் உள்ளன. மெடிச்சியை விடுத்த 14 குடும்பங்களிலிருந்து 91 இணைகள் உருவாகும். அவற்றுள் 47.5 இணைகளின் பாதை மெடிச்சிக்கு உரியது. இந்த 47.5இல் 35 இணைகள் மூன்று குடும்பங்களாலேயே விளைகின்றன. அச்சாயுவோலி மெடிச்சியோடு மட்டுமே மணவுறவு கொண்டது. சால்வியாட்டி மெடிச்சியோடும் பாட்ஸியோடும் மட்டும் உறவுடையது. பாட்ஸிக்குச் சால்வியாட்டியன்றி வேறு வழியில்லை. அச்சாயுவோலி பிற 13 குடும்பங்களோடு அமைக்கும் 13 இணைகளும், சால்வியாட்டியும் பாட்ஸியும் ஏனைய 11 குடும்பங்களோடு அமைக்கும் 22 இணைகளும் முழுமையாக மெடிச்சியைச் சாரும்.

எஞ்சிய 11 குடும்பங்கள் தம்முள் அமைக்கும் 55 இணைகளில் மெடிச்சியின் பங்கு 12.5 மட்டுமே. வலைப்பின்னலிலிருந்து மெடிச்சியை நீக்கினாலும் இந்தப் பதினொன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாகவே நிற்கின்றன. அந்த மூன்று மட்டுமே துண்டிக்கப்படுகின்றன. எதிரணிக்குத் தலைமை தாங்கிய அல்பிட்ஸியும் ஸ்ட்ரோஸியும் தம்முள் தொடர்புகொள்ள மெடிச்சி இன்றியமையாததன்று. ஆகவே, நகரம் முழுவதையும் மெடிச்சி இணைத்தது என்ற பொதுக்கூற்றை இந்த எண் தாங்காது. சில குடும்பங்களுக்கு மெடிச்சி ஒன்றே வாயிலாக இருந்தது என்பதையே அது கூறுகிறது.

தரவின் எல்லை

அந்த மூன்று குடும்பங்களுக்கும் வேறு மணவுறவே இல்லையா, அன்றி 16 குடும்பங்களுக்கு அப்பால் இருந்த உறவுகள் வரைபடத்தில் இடம்பெறவில்லையா என்பது முதன்மையான வினா. பாட்ஜெட்டும் கிறிஸ்டோபர் ஆன்சலும் 1993இல் வெளியிட்ட ஆய்வு 92 உயர்குடிக் குடும்பங்களைக் கொண்டது. பாடநூல் வரைபடமோ அவற்றுள் சிறு பகுதி. விடுபட்ட ஒரு குடும்பத்தின் வழியே சால்வியாட்டிக்கு மற்றொரு பாதை கிடைக்குமாயின், 22 இணைகளுள் ஒரு பகுதி மெடிச்சியை விட்டு விலகக்கூடும்.

புச்சியின் நிலை இதனினும் தெளிவான சான்று. இவ்வரைபடத்தில் திருமணம், வணிகம் ஆகிய இரண்டிலும் அதற்குப் பிணைப்பில்லை. அதன் மையத்தன்மை சுழியம். ஆனால் வரலாற்றில் புச்சியோ புச்சி மெடிச்சி அணியின் முதன்மை ஆதரவாளர். அவ்வணி அவர் பெயராலேயே வழங்கப்பட்டது என மாக்கியவெல்லி எழுதுகிறார். அணியின் உயிர்நாடியாக விளங்கிய ஒருவரின் குடும்பத்தைச் சுழியமாகக் காட்டும் அளவையைத் தனிச் சான்றாகக் கொள்ளல் ஏற்புடையதன்று.

முறையும் விளக்கமும்

இக்குறைகள் பாட்ஜெட், ஆன்சல் ஆய்வைச் சாரா. அவர்கள் தம் முடிவை ஓர் எண்ணில் ஏற்றவில்லை. மெடிச்சி உயர்குடியினரோடு மணவுறவும் புதிதாக உயர்ந்த குடும்பத்தினரோடு பொருளியல் உறவும் கொண்டது. இவ்விரு குழுவினரும் தம்முள் பெரிதும் இணையாதிருந்தனர். அப்பிரிவினையே மெடிச்சியின் வலிமை என அவர்கள் நிறுவினர். உறவின் வகை இங்கு உயிரானது. ஒற்றை மணவுறவு வரைபடத்தில் அளக்கப்படும் இடைநிலை மையத்தன்மை அவ்வகை வேறுபாட்டை அழித்துவிடுகிறது. மேலும், குறுகிய பாதையையே நாடுதல் செய்திப் பரிமாற்றத்திற்குப் பொருந்தலாம். மூன்று மணவுறவுகளைக் கடந்து ஓர் அரசியல் ஆதரவு செல்லும் எனக் கொள்வதற்குத் தனிச் சான்று வேண்டும். அதைக் கணிதம் தருவதில்லை.

எனினும் அளவை பயனற்றதாகாது. செல்வமும் பதவியும் காட்டாத ஓர் அமைப்பு உண்டு என்பதை அதுவே முதலில் சுட்டுகிறது. அச்சுட்டலை விடையாகக் கொள்வதே பிழை. வினாவாகக் கொள்ளின் அது ஆய்வாளரை ஆவணங்களுக்குத் திருப்பும்.

முடிவுரை

வலைப்பின்னல் அளவையைக் கையாளும் ஆய்வாளர் மூன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும்: கணுக்களின் எல்லை யாரால், எவ்வாறு வரையப்பட்டது, மதிப்பின் பெரும்பகுதி எந்தச் சில பிணைப்புகளைச் சார்ந்துள்ளது, அவ்வுறவின் வழியே உண்மையில் எது பயணித்தது. கல்வெட்டு, ஏடு, பாடல் ஆகியவற்றில் எஞ்சியனவற்றைக் கொண்டு கடந்தகால உறவுகளை வரைவோர்க்கு இவ்வினாக்கள் மேலும் இன்றியமையாதவை. அங்குப் பிணைப்பின்மை, உறவின்மையைக் காட்டிலும் பெரும்பாலும் ஆவண இழப்பையே குறிக்கும். புச்சிக்குக் கிடைத்த சுழியம் அதற்கோர் எச்சரிக்கை.