கழுவப்பட்டதும் விடுபட்டதும்
ஃபைபர் தாள் ஹைப்போவைக் குடித்துக்கொள்ளும். ஒரு மணிநேரமாவது ஓடுதண்ணியில் கழுவணும். மிச்சமிருந்தால் வெள்ளி சல்ஃபைடாகிப் படம் மஞ்சளித்து மங்கிவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த நிரந்தரம் பற்றிய சொல்லாடல் நிற்கிறது.

'தி பிரிண்ட்' எழுதிய ஆன்சல் ஆடம்ஸ் 1943இல் மான்சனார் முகாமில் ஜப்பானிய அமெரிக்கர்களைப் படமெடுத்தார். அந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை 1913லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் கால்வாய் கட்டிக் கொண்டுபோயிருந்தது. காவல்கோபுரம், முள்வேலியை எடுக்க அவருக்குத் தடை. சிரித்த முகங்களை எடுத்தார். அங்கே அடைபட்டிருந்த டோயோ மியாடகே, ஒளித்துக் கொண்டுவந்த லென்ஸை மரப்பெட்டியில் பொருத்தினார். வேலியோரம் நிற்கும் மூன்று சிறுவர்கள் அவர் எடுத்த படம். கழுவுகிற விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எது என் சுவரில் தொங்கணும்னு கேட்டா, அந்தப் பையன்கள்தான்.