எலி மருந்தும் பூனையின் ஈறும்

தஞ்சை வயல்களில் எலியை ஒழிக்கப் புரோமடியலோன் 0.005 சதவீத அளவில் இரையில் கலந்து வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. இரை பூனைக்கு எட்டாவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. பூனை தின்பது அரிசியை அல்ல, எலியை! இம்மருந்து உடலில் வைட்டமின் கே மீண்டும் பயன்படுவதைத் தடுக்கிறது; நாளடைவில் இரத்தம் உறையாது. நஞ்சுண்ட எலி சாகச் சில நாட்கள் ஆகும். அதற்குள் தளர்ந்து பூனையிடம் சிக்கிவிடும்.

பூனையின் ஈறுகளில் இரத்தம் கசிந்தால் பெரும்பாலும் பல் காறையே காரணம். ஆனால் ஈறு வெளுத்து, மூக்கிலும் இரத்தம் வந்தால் நஞ்சை ஐயுற வேண்டும். அப்போது உறைதிறனைச் சோதிக்காமல் பல்லைப் பிடுங்குவது ஆபத்து. மாற்று மருந்து வைட்டமின் கே1. அதைக் கால்நடை மருத்துவரே தர வேண்டும்.

மூங்கிலால் ஆன தஞ்சாவூர்க் கிட்டிக்கு ஆள் கூலி கூடும்தான். ஆனால் அதில் நஞ்சில்லை. அதை முதலில் சொல்லாத அறிவுரை குறையுடையதே.